வாயில் களிம்பு வாடை: மரப்பு ஊசி பற்றி வந்த கடிதங்கள்

போன இதழில் முழு மயக்கத்தைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "மரத்துப்போகப் போடும் ஊசியும் அளவு மீறினால் இதயத்தைத் தொடும்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒற்றை வரி கோபி முதல் பொள்ளாச்சி வரை இத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று நினைக்கவில்லை. தவறு என்னுடையதுதான். ஈரோட்டில் 31 வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறவளுக்கு, எதை ஒரு வரியில் சொல்லக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்த முறை முழுப் பக்கமும் அந்த ஊசிக்கே: முதலில் கடிதம், அடுத்து என் பதில்.

என் அப்பாவுக்கு 68 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு பைபாஸ் செய்தோம். இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் எழுந்து வாழைக்கு மடை திருப்புகிறார். கடைவாய்ப் பல் சொத்தையாகிப் பிடுங்க வேண்டியிருக்கிறது. பல் டாக்டர், இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "பல் ஊசி இதயத்தை நிறுத்திவிடும், ஊசி இல்லாமலே பிடுங்கிக்கொள்" என்கிறார். அப்பா அதற்கும் தயாராகிவிட்டார்.
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

ஊசி போட்டுத்தான் பிடுங்க வேண்டும். நான் சொன்னதாகவே அப்பாவிடம் சொல்லுங்கள்.

பல் ஊசியில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று லிக்னோகெயின். நரம்பை மரக்கச் செய்வது அதுதான். இன்னொன்று அட்ரினலின். அது அந்த இடத்து ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து வேறெங்கும் ஓடிவிடாமல் பிடித்து வைக்கிறது. ரத்தக் கசிவும் குறைகிறது. இதயக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் பல் டாக்டர் யோசிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது மருந்தைப் பற்றித்தான்.

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போட்டுவிடுவோம். நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் வழக்கமாக இருப்பது 2 சதவீத லிக்னோகெயின், அதில் 80,000-க்கு 1 பங்கு அட்ரினலின். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் லிக்னோகெயினும் 12.5 மைக்ரோகிராம் அட்ரினலினும் இருக்கும். ஒரு பல்லுக்கு 2 மில்லி என்று வைத்துக்கொண்டால், உள்ளே போவது 40 மில்லிகிராம் லிக்னோகெயின், 25 மைக்ரோகிராம் அட்ரினலின். அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு உச்ச வரம்பு, எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். அப்பா 60 கிலோ என்றால் 420. வயதையும் இதயத்தையும் கருதி அதில் பாதிதான் என்று கறாராக வைத்தாலும், 40 அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அட்ரினலினுக்கு, இதய நோயாளிகளிடம் ஒரு வேளைக்கு 40 மைக்ரோகிராம் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறோம். 3 மில்லியைச் சற்றுத் தாண்டினால் அந்த எல்லை வந்துவிடும். ஆகவே "வந்ததுதான் வந்தோம், ஆடுகிற நாலு பல்லையும் சேர்த்தே பிடுங்கிவிடுங்கள்" என்று அப்பா பேரம் பேசினால் இடம் கொடுக்காதீர்கள். பஸ் செலவு மிச்சம் என்று அப்படிக் கேட்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம்.

இப்போது பெரியவரின் யோசனைக்கு வருவோம். ஊசி இல்லாமல் குறடு போட்டு இழுத்தால், அப்பாவின் சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்காது. வலியில் அது கொட்டுகிற அட்ரினலினை எந்த டாக்டரும் மில்லிக் கணக்கில் அளந்து நிறுத்த முடியாது. நாடி ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், பைபாஸ் செய்த இதயத்துக்கு வேண்டாத வேலை கூடும். பெரியவர் பயப்படுகிற அதே பொருளைத்தான் அவருடைய யோசனை மடை திறந்து விடுகிறது.

அந்தக் கடிதத்தை வாங்குங்கள். ஆனால் "அறுவைக்கு ஃபிட்" என்று ஒற்றை வார்த்தை எழுதிய சீட்டை வாங்காதீர்கள். அப்படி ஆயிரம் சீட்டுகளைப் பார்த்தவள் நான்; அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாக மாரடைப்பு எப்போது, இப்போது நெஞ்சுவலி உண்டா, இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது, என்னென்ன மாத்திரை, ரத்த அழுத்தம் எவ்வளவு, இவை இருந்தால் அது கடிதம். மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆகியிருந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டியிருந்தாலும் பல்தான் காத்திருக்க வேண்டும். உங்கள் அப்பா மடை திருப்புகிற ஆள். அவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு பல் பிடுங்கிய இடத்து ரத்தம் பஞ்சைக் கடித்து அழுத்தினால் நின்றுவிடும். மாத்திரையை நிறுத்தி இதயக் குழாயில் ரத்தம் உறைந்தால் பஞ்சு உதவாது. செயற்கை வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியிருக்கும். பைபாஸ் ஆனவருக்கு அது தேவையில்லை.

வேர் சிகிச்சைக்காக ஊசி போட்ட அடுத்த நொடி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை நடுங்கியது, காது வரை சூடேறியது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. டாக்டர் "பயம்தான்" என்றார். என் தங்கையோ, "அக்கா, உனக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் போடவே போடாதே" என்கிறாள்.
- பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர், திருப்பூர்

டாக்டர் சொன்னதில் பாதி சரி, தங்கை சொன்னதில் கொஞ்சமும் சரியில்லை. நீங்கள் விவரித்திருப்பது அட்ரினலினின் வேலையை. ஊசி முனை ஒரு சின்ன ரத்தக் குழாய்க்குள் இருந்திருக்கலாம். அல்லது மருந்து வேகமாகப் போயிருக்கலாம். பஸ்ஸைத் துரத்தி ஓடி ஏறியது போல நெஞ்சு அடித்துக்கொள்ளும், சில நிமிடங்களில் தானே அடங்கும்.

பயத்தில் வரும் மயக்கம் இதற்கு நேர் எதிர். முகம் வெளுக்கும், சில்லென்று வியர்க்கும், நாடி மெதுவாகும், கண் இருட்டும். காலைத் தூக்கிவைத்துப் படுக்க வைத்தால் எழுந்துவிடுவார்கள். ஒவ்வாமை என்றால் தோலில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது.

இந்த வித்தியாசத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ஓர் அம்மா வந்தார். அவருடைய கோப்பின் மேல் சிவப்பு மையில் "லோக்கல் ஊசி அலர்ஜி" என்று எழுதியிருந்தது. 12 வருடத்துக்கு முன்பு பல் ஊசியில் அவருக்கு வந்ததும் இதே படபடப்புதான். ஆனால் அந்தச் சிவப்பு மையால் விரலில் ஒரு கொழுப்புக் கட்டியை எடுக்கக்கூட முழு மயக்கம் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு முறை. அடுத்த முறை டாக்டரிடம், "போன தடவை ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தது, பின்னிழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். ஊசியின் தண்டைச் சற்றுப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது இரண்டு விநாடி வேலை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள்.

கை நடுக்கத்துக்கு புரப்ரனலால் சாப்பிடுகிறேன். இதய நோய் எதுவும் இல்லை. பல் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?
- வாசகர், பவானி

கட்டாயம் சொல்ல வேண்டும். நடுக்கம், ஒற்றைத் தலைவலி, தைராய்டு என்று பல காரணங்களுக்காக இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் இதை இதய மாத்திரையாக நினைப்பதில்லை, அதனால் சொல்வதும் இல்லை. இது உடம்பில் இருக்கும்போது அட்ரினலின் அதிகமாகப் போனால் ரத்த அழுத்தம் எகிறி நாடி விழும். போதாததற்கு, கல்லீரல் லிக்னோகெயினை வெளியேற்றும் வேகத்தையும் இது குறைக்கிறது. அளவைக் குறைத்துக்கொண்டால் போதும், மாத்திரையை நிறுத்த வேண்டாம். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். பெயரை நினைவில் வைத்துச் சொல்வதைவிட அது மேல்.

நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். மரப்பு ஊசி இதயத்தைக் கெடுக்கும் என்கிறீர்கள். ஆனால் என் அண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, தாறுமாறாக அடித்த இதயத்தைச் சரிசெய்ய லிக்னோகெயின்தான் ஏற்றினார்கள். எது உண்மை?
- வாசகர், ஈரோடு

இரண்டுமே உண்மை, ஐயா. இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நரம்பில் செய்தி போவது மின்னோட்டம் மாதிரி. மின்னூட்டம் கொண்ட சோடியம் அணுக்கள் நரம்பின் சுவரில் உள்ள நுண்ணிய வழிகளில் உள்ளே பாய்வதால் அது நடக்கிறது. மரப்பு மருந்து அந்த வழிகளை உள்பக்கமாகப் போய் அடைக்கிறது. செய்தி நின்றால் வலி இல்லை. இதயத் தசையிலும் அதே மாதிரி சோடியம் வழிகள்தான் இருக்கின்றன. பல் நரம்பு வேறு, இதயம் வேறு என்று மருந்துக்குத் தெரியாது. ரத்தத்தில் போதிய அளவு சேர்ந்தால் அங்கேயும் போய் அடைக்கும்.

ஆனால் எல்லா மருந்தும் ஒரே மாதிரி அடைப்பதில்லை. நம் ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். லிக்னோகெயின் ஒரு நிறுத்தத்தில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடும் பயணி. இதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் ஓய்வெடுக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் வழியை விட்டு இறங்கிவிடும். ஒழுங்காக அடிக்கும் தசையை அதிகம் தொந்தரவு செய்யாது. அடிபட்டு, அவசர அவசரமாகத் துடிக்கும் தசையில்தான் கூடுதலாக ஒட்டும். உங்கள் அண்ணனுக்கு உதவியது இந்தக் குணம். ஒரு காலத்தில் மாரடைப்பு என்று வந்தவர்களுக்கு எல்லாம் முன்னெச்சரிக்கையாக இதை ஏற்றியதும் உண்டு. அதனால் உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். இப்போது தேவைப்பட்டவருக்கு மட்டும்.

பூப்பிவக்கெயின் என்று இன்னொரு மருந்து இருக்கிறது. லிக்னோகெயின் ஒன்றிரண்டு மணி நேரம் மரக்க வைக்கும் என்றால், இது நரம்புக் கூட்டத்தின் பக்கத்தில் போட்டால் அரை நாள்கூட நிற்கும். நீண்ட அறுவைக்கு அருமையான மருந்து. ஆனால் இந்தப் பயணி ஏறியதும் இருக்கையில் துண்டைப் போட்டு, சாய்ந்து தூங்கிவிடுவார். அடுத்த துடிப்பு வரும்போது பாதி இருக்கைகள் நிரம்பியிருக்கும், அதற்கடுத்த துடிப்பில் இன்னும் கொஞ்சம். லிக்னோகெயின் அளவு மீறினால் பெரும்பாலும் முதலில் காது இரையும், நாக்கு தடிக்கும், வலிப்பு வரும். இதயத்துக்குப் போக இன்னும் தூரம் இருக்கும். பூப்பிவக்கெயினில் வலிப்புக்கும் இதயத்துக்கும் நடுவே இடைவெளி குறைவு. நின்ற இதயத்தைத் திரும்ப ஓட வைப்பதும் கடினம்.

இது தெரிய வர நாளாயிற்று. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் கண்ணில் கோகெயினைச் சொட்டியதில் தொடங்குகிறது இந்தக் கதை. லிக்னோகெயின் 1943-ல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. அவருடைய உதவியாளர் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே குத்திக்குத்திச் சோதித்தார். 1948-ல் விற்பனைக்கு வந்தது. பூப்பிவக்கெயினும் சுவீடன்காரர்தான், 1957. அது புழக்கத்துக்கு வந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, 1979-ல் ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் எங்கள் துறையின் இதழ் ஒன்றில், இந்த வகை மருந்து தற்செயலாக ரத்தத்தில் கலந்தவர்களுக்கு இதயம் உடனே நின்றுபோகிறது என்று எழுதி எச்சரித்தார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் 0.75 சதவீத அடர்த்தி மருந்தைப் பிரசவத்தில் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது.

என் தம்பிக்கு முழங்கையில் எலும்பு முறிவு. முழு மயக்கம் வேண்டாம், தோளுக்கு மேலே ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்க வைக்கிறோம் என்றார்கள். கையெழுத்து வாங்கும் தாளில் "வலிப்பு, இதயம் நின்றுபோதல்" என்று அச்சிட்டிருக்கிறது. கையைச் சரிசெய்யப் போய் உயிருக்கு உலை வைப்பதா?
- விசைத்தறி வைத்திருப்பவர், பெருந்துறை

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு 1997-ல் ஓர் ஐப்பசி மாதத்து மாலை நினைவுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் பதில் எழுதினால் நேர்மையாக இருக்காது.

வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். 26 வயதுத் தறித் தொழிலாளி, உள்ளங்கை கிழிந்து விரல்களின் தசைநாண்கள் அறுந்திருந்தன. கழுத்தெலும்புக்கு மேலே குத்தி, கைக்குப் போகும் நரம்புக் கூட்டத்தின் பக்கத்தில் பூப்பிவக்கெயின் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அல்ட்ராசவுண்டு கிடையாது. விரலால் தடவிப் பார்த்து, எலும்பை அடையாளம் வைத்து, ஒரு மதிப்பில் குத்துவதுதான். பின்னிழுத்துப் பார்த்தேன், ரத்தம் வரவில்லை. பாதி மருந்து போயிருக்கும்.

"ஏனுங்க டாக்டரம்மா, களிம்பேறிய சொம்பில் மோர் குடித்த மாதிரி வாயெல்லாம் ஒரு வாடையாக இருக்கிறதுங்க" என்றார்.

பாடப் புத்தகத்தில் "உலோகச் சுவை" என்று இரண்டு வார்த்தையாகப் படித்ததை அவர் எனக்குப் புரிகிற தமிழில் சொன்னார். எனக்குத்தான் புரியவில்லை. பயந்திருக்கிறார் என்று நினைத்து, "ஒன்றும் இல்லை, இதோ முடிந்தது" என்று இன்னும் 2 மில்லி செலுத்தினேன். அந்த 2 மில்லியை இன்றைக்கும் திரும்ப உறிஞ்சி எடுத்துவிடத் தோன்றுகிறது. உதடு துடித்தது. கண் மேலே சொருகியது. வலிப்பு. அதை அடக்க மருந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், திரையில் இதயத்தின் கோடு, கோலம் தெரியாத குழந்தை இழுத்த கோடு மாதிரி அகன்று அகன்று ஓடுகிறது. கழுத்தில் விரல் வைத்தேன். நாடி இல்லை.

அறுவை மருத்துவர், நான், வார்டு உதவியாளர் மூவரும் முறை வைத்து நெஞ்சை அமுக்கினோம், 45 நிமிடம். பூப்பிவக்கெயின் இருக்கையை விட்டு எழும்வரை ரத்தத்தை நாங்கள்தான் ஓட்ட வேண்டும். அதுதான் அன்று எங்களிடம் இருந்த ஒரே வைத்தியம். எழுந்தது. மறுநாள் காலையில் அவர் கண் விழித்து முதலில் கேட்டது, "கை சரியாகிவிட்டதுங்களா?" என்று. இல்லை, அதைத் தொடக்கூட இல்லை. பத்து நாள் கழித்து முழு மயக்கத்தில் தைத்தோம். இப்போதும் பொங்கலுக்குப் பொங்கல் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஒரு பை வந்துவிடும். வாங்கிக்கொள்ளும்போது ஒவ்வொரு முறையும் கூச்சமாக இருக்கும்.

அடுத்த ஆண்டு, 1998-ல், சிகாகோவில் கய் வைன்பெர்க் என்ற மயக்க மருத்துவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். வாய்வழியாகச் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ரத்தக் குழாயில் ஏற்றுவார்களே, சோயா எண்ணெயில் செய்த வெள்ளைக் கொழுப்புப் பால்மம், அதைக் கொடுத்தால் பூப்பிவக்கெயினின் விஷத்தன்மை கூடும் என்று அவர் எதிர்பார்த்தார். குறைந்தது! 2003-ல் நாய்களிடம் செய்து பார்த்தார்கள். இதயம் நின்ற நாய்களில் கொழுப்புப் பால்மம் கொடுத்தவை அத்தனையும் பிழைத்தன. உப்புநீர் கொடுத்தவற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. 2006-ல் நியூயார்க்கில், தோள்பட்டை அறுவைக்காக உங்கள் தம்பிக்குச் சொன்ன மாதிரியே ஊசி போட்டு இதயம் நின்றுபோன ஒருவருக்கு, 20 நிமிடம் போல வழக்கமான வைத்தியம் பலிக்காமல் போகவே, இந்தப் பால்மத்தை ஏற்றினார்கள். இதயம் திரும்பியது. அன்றிலிருந்து உலகம் முழுவதும் இதுதான் முறை.

எப்படி வேலை செய்கிறது என்பதை மஞ்சள் மண்டியில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கையில் ஏறிய மஞ்சள் கறை வெறும் தண்ணீருக்கு இறங்காது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் எண்ணெயோடு வந்துவிடும். பூப்பிவக்கெயினும் கொழுப்பை நாடும் மருந்து. ரத்தத்தில் கொழுப்பு ஓடும்போது இதயத் தசையை விட்டு அதனோடு ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. முழு விளக்கம் இதைவிட நீளம், ஆனால் அடிப்படை இதுதான். 20 சதவீதப் பால்மம், கிலோவுக்கு 1.5 மில்லி முதலில் வேகமாக. 60 கிலோ ஆளுக்கு 90 மில்லி. பிறகு சொட்டாகத் தொடர வேண்டும். அது போய்ச் சேரும்வரை நெஞ்சை அமுக்குவதை நிறுத்தக் கூடாது.

ஆகவே தம்பிக்குத் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். தாளில் அச்சிட்டிருப்பது நடக்கப்போவது அல்ல, அரிதாக நடக்கக்கூடியது. இப்போது அல்ட்ராசவுண்டு திரையில் ஊசி முனையையும் ரத்தக் குழாயையும் பார்த்துக்கொண்டே, 3 முதல் 5 மில்லி வீதம் நிறுத்தி நிறுத்திப் போடுகிறோம். நீங்கள் மயக்க மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அறுவை அரங்கில் கொழுப்புப் பால்மம் கைவசம் இருக்கிறதா?" நல்ல மருத்துவர் அந்தக் கேள்விக்கு மகிழ்வார். தம்பியிடமும் சொல்லி அனுப்புங்கள். வாயில் வேறு ருசி, காதில் இரைச்சல், உதட்டைச் சுற்றி மரமரப்பு, எது தோன்றினாலும் அடக்கமாக இருக்காமல் உடனே சொல்ல வேண்டும். நம் பையன்கள் "டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பார்கள்.

கல்யாணத்துக்கு முன் கால் முடியை லேசரில் எடுக்கப் போகிறேன். வலிக்காமல் இருக்க மரப்புக் களிம்பை வீட்டிலேயே இரண்டு காலிலும் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். களிம்புதானே?
- வாசகி, பொள்ளாச்சி

வேண்டாம். "களிம்புதானே" என்ற அந்தச் சொல்லைத்தான் நான் பயப்படுகிறேன். பல்லுக்குப் போடுவது 2 மில்லி. இரண்டு கால் முழுக்கப் பூசுவது எத்தனை கிராம் என்று யார் அளந்தார்கள்? பிளாஸ்டிக் சுற்றினால் தோல் வெப்பமாகி மருந்தை வேகமாக உறிஞ்சும். அமெரிக்காவில் இப்படியே லேசருக்காகப் பூசிக்கொண்டு, வலிப்பு வந்து, நினைவு தப்பி, இரண்டு இளம்பெண்கள் இறந்துபோனார்கள். 2007-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பொதுமக்களுக்கு எச்சரிக்கையே வெளியிட்டது. கொஞ்சம் இடத்தில், டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நேரம். கால் முழுவதும் ஒரே நாளில் வேண்டாம், கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது அல்லவா?

பேத்திக்குப் பல் முளைக்கிறது. ஈறில் தடவும் மரப்பு மருந்து வாங்கித் தரலாமா?
- ஒரு அமுச்சி, காங்கேயம்

கூடாதுங்க அம்மா. குழந்தை அதை விழுங்கும். 6 கிலோ உடம்புக்கு உங்கள் விரல் நுனியில் எடுத்ததே அதிகமாகிவிடலாம். வலிப்பும் இதயக் கோளாறும் வந்திருக்கின்றன. சில மருந்துகளில் இருக்கும் பென்சோகெயின், ரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதையே கெடுத்துக் குழந்தையை நீலமாக்கிவிடும். சுத்தமான ஈரத் துணியைக் குளிர வைத்துக் கடிக்கக் கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் விரலையே கழுவிக்கொண்டு ஈறைத் தேய்த்துவிடுங்கள்.

சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியும் இதே பூப்பிவக்கெயின்தானாமே? மனைவிக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள்.
- வாசகர், சத்தியமங்கலம்

அதேதான். ஆனால் அளவைப் பாருங்கள்: சுமார் 2 மில்லி, 10 மில்லிகிராம். தறித் தொழிலாளிக்கு நான் போட்டதில் ஒரு சிறு பங்குதான். அது மொத்தமும் ரத்தத்தில் கலந்தாலும் நான் மேலே சொன்ன விபத்து நடப்பது அரிது. முதுகு ஊசியில் நாங்கள் கண்ணை எடுக்காமல் பார்ப்பது வேறொன்றை. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளும் சேர்ந்து மரப்பதால் ரத்த அழுத்தம் இறங்கும். மரப்பு மார்பு வரை ஏறினால் இதயத்தை விரட்டும் நரம்புகளும் அடங்கி நாடி விழும். இரண்டுக்கும் மருந்தை ஊசியில் எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம். அந்த நேரத்தில் உங்கள் மனைவிக்குக் குமட்டினால், அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம், சொல்லச் சொல்லுங்கள். இதய வால்வு சுருக்கம் ஏதாவது இருப்பதாக எப்போதாவது யாராவது சொல்லியிருந்தால், அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் இன்றைக்கே மயக்க மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

பல் ஊசிக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?
- வாசகர், அவிநாசி

முழு மயக்கத்துக்குத்தான் வெறும் வயிறு. பல் ஊசிக்கு இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சர்க்கரைக்காரர் என்றால் கண்டிப்பாக. ஊசி போட்டதும் மயங்கி விழுந்தார் என்று எனக்குத் தொலைபேசியில் வரும் அழைப்புகளில் பாதிப் பேர், விசாரித்தால், முதல் நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி.